நாற்பது கஜத்துக் கோல்

நவம்பர் 14, வெள்ளி

மணல்துறைப் பங்கின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியும், பெல்லார்மின் சவுண்ட்ஸின் தனிப்பெரும் அதிபதியும், கன்னியாகுமரி முதல் கொச்சி வரை கடல்காற்றுக்கே குரல் கொடுத்தவனுமாகிய பெல்லார்மின் என்னும் நான், ஐஸ் கம்பெனிக்காரர் ஜனவரியில் ஓசியில் கொடுத்த இந்த டைரியை இன்றுதான் திறக்கிறேன். இதில் வரப்போவது யாருமே நம்பாத கதை. என் மனைவி செலின் நம்பமாட்டாள். பங்குச் சாமியார் நம்பமாட்டார். நாளைக்கு இதைக் கண்டெடுத்து வாசிக்கும் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஒருவேளை நம்பிவிட்டால், அது என் எழுத்தின் குறை. சத்தியம் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே வாக்கு மட்டும் தருகிறேன்.

இன்று காலை ஏழே முக்காலுக்கு என் அக்காள் மகன் கிளீட்டஸ் வந்து இறங்கினான். கொல்கத்தா, கோவா, மும்பை, கோழிக்கோடு என்று நான்கு கிளப்புகளுக்குப் பதினான்கு வருடம் ஸ்ட்ரைக்கராக ஆடி, தொண்ணூற்று நான்கு கோல் அடித்து, வலது முட்டியில் இரண்டு ஆபரேஷன் முடித்து, முப்பத்தேழு வயதில் ஓய்வு பெற்று வந்திருக்கிறான். தொண்ணூற்று நான்கு என்பது பேப்பர்காரர்கள் சொல்வது. நான் ஊரில் முந்நூற்றுப் பத்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொல்கத்தாவில் அவன் அடித்த ஒரு பந்து வலையைக் கிழித்து, கங்கையைத் தாண்டி, ஹவுராவில் ரயிலேறி மறுநாள் சென்னை வந்து சேர்ந்தது. கோவாவில் அவனிடம் கோல் வாங்கிய கோல்கீப்பர்கள் மூன்று பேர் மனம் வெறுத்துச் செமினாரியில் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் பிஷப் ஆகும் தறுவாயில் இருக்கிறார். கோழிக்கோட்டில் அவனுக்கு முடி வெட்டியவர் அந்த முடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கடையில் வைத்திருக்கிறார். மலையாளிகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

மூன்று பெட்டி கொண்டுவந்தான். ஒன்று முழுக்க பூட்ஸ்.

"எதுக்குடே இத்தன? ஒனக்கு இருக்கது ரெண்டு காலுதான?"

"தூரப் போட மனசு வரல்ல மாமா."

நவம்பர் 15, சனி

கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு நாள். நான்கு ஹாரன்களையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். ஒன்றுக்குள் பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பல்லிக்கு நோட்டீஸ் கொடுத்தேன்.

சாயங்காலம் கிளீட்டஸைச் சந்தித் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனேன். நேற்று மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் ஊர் வண்டிக்குக் காத்திருந்தபோது, கேரள பஸ் ஒன்று நின்று அதிலிருந்து பத்துப் பேர் இறங்கி அவனோடு படம் எடுத்தார்களாம். நான் கடையில் அதை இருநூறு பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் யாரும் படம் எடுக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை.

"கொல்கத்தாக்காரனுக்கு அடிச்ச, கோவாக்காரனுக்கு அடிச்ச. சொந்த ஊருக்கு ஒரு கோல் உண்டா டே?" என்று கேட்டது ஒரு குரல்.

"எப்படி அடிப்பான்? ஊருக்கு அடிச்சா செக்கு வருமா?" என்றது இன்னொன்று.

கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே தேநீரை ஊதினான். ஆறிப்போன தேநீரையும் ஊதிக்கொண்டிருந்தான்.

கிளப்போடு ஒப்பந்தம் போட்டவன் வெளியே எந்தப் போட்டியிலும் காலை வைக்கக் கூடாது. வைத்தால் ஒப்பந்தம் கிழியும். இருபத்து மூன்று வயதில் கையெழுத்துப் போட்டவன், முப்பத்தேழு வரை கையெழுத்திலேயே இருந்தான். ஊருக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்பார்கள்.

காரணம் எங்கள் மைதானத்துக் கிழக்குச் சுவர். அதில் பெரிய எழுத்தில் 'ஊருக்காகக் கோல் அடித்தவர்கள்' என்று இருக்கும். பக்கத்துப் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஆடும் மறைவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மணல்துறைக்காகக் கோல் அடித்தவன் பெயர் மட்டும்தான் அங்கே ஏறும். ஐம்பது வருடத்தில் பதினொரு பெயர்கள். அந்தப் பெயர்க்காரர்களில் ஒருவர்தான் வருடா வருடம் திருவிழாப் பந்தாட்டத்தின் கடைசி நாளில் முதல் உதை உதைப்பார். கலெக்டரே வந்தாலும் வெறும் கைகுலுக்கல்தான்.

பதினோராவது பெயர்: பெல்லார்மின், 2011.

ஆமாம், அடியேன்தான். தெக்குமுனை மைதானம், கொட்டும் மழை, சேறு முட்டளவு, நாற்பது கஜத்திலிருந்து இடது காலால். முதலில் சொன்னபோது பதினைந்து கஜமாக இருந்தது. வருடங்கள் ஆக ஆக நான் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டம். தலைவர் சிலுவைதாசன் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினால் ஒன்று வசூல், இல்லையென்றால் வாழ்த்து.

"மைதானத்துக்கு இது அம்பதாவது வருசம். புதுசா கேலரி கட்டியிருக்கு. சுவத்துல பேரு உள்ளவங்கள்ல ஆறு பேரு கல்லறையில. நாலு பேரு ஆழ்கடல்ல, வலிய தூண்டிலுக்கு போனவ. கரையில இருக்கது ஒராளு. முதல் உதையும் அவருக்கு, கேலரிக்கும் அவருக்க பேரு. என்ன சொல்லுதிய?"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன், யாரந்த மகான் என்று தேடுகிறவன் மாதிரி. பிறகு எழுந்து, எனக்குத் தகுதி இல்லை என்று இருபத்தைந்து நிமிடம் பேசினேன்.

'பெல்லார்மின் கேலரி.' பாரிசில், லண்டனில் எல்லாம் இப்படித்தான் வைப்பார்கள்.

கிளீட்டஸ் கடைசி வரிசையில் நின்று எல்லோரையும்விட அதிக நேரம் கை தட்டினான்.

நவம்பர் 17, திங்கள்

கண்ணாடியில் பதினேழு முறை பார்த்தேன். கேலரி முகம்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் சொல்லப் போன இடத்தில் கிளீட்டஸ் ரயில் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தான். கோவாவில் ஒரு கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் வேலையாம். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் நாகர்கோவிலில் வண்டி.

"முப்பதுல்லா கடைசி நாளு. முதல் உதை பாக்காம போவியா?"

"இருபத்தொம்பதுதான் டிக்கெட் கிடைச்சுது மாமா."

"வேலைக்கு எப்பம் சேரணும்?"

"ஜனவரி."

டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பும்போது அக்காள் தன் வீட்டு வாசலில் நின்று என்னையே பார்த்தாள். மகன் இனிமேல் இங்கேயே இருப்பான் என்று அவள் மாடியில் ஓர் அறைக்கு டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து செலினிடம் சொன்னேன். மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அவன் எதுக்கு போறான்னு ஒங்களுக்கு தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

நவம்பர் 19, புதன்

தெரியும்.

எழுதிவிடுகிறேன். டைரிக்குக் காது இல்லை.

2011 தெக்குமுனை இறுதி ஆட்டம். ஆளுக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். ஏழு பேரும், மாற்று ஆட்டக்காரன் என்று பேருக்கு நானும். எட்டுப் பேர் பட்டியல் கொடுக்காவிட்டால் சேர்க்கமாட்டார்கள். அன்றைக்கு மழையில் பாலம் மூழ்கி ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. கொல்கத்தாவில் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்த கிளீட்டஸ் எங்களுக்கு வேன் ஓட்டி வந்திருந்தான்.

இரண்டாம் பாதியில் ஒருவனுக்குக் கணுக்கால் மடங்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கணத்தில் நான் ஒரு மாபெரும் போர்த்தந்திரம் வகுத்தேன்: எட்டாம் நம்பர் சட்டையைக் கழற்றி மருமகனிடம் கொடுத்தேன். மழை, சேறு, முகம் தெரியாத இருட்டு. அவன் பெல்லார்மினாகக் களம் இறங்கினான். பெல்லார்மினாகக் கோல் அடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். தெக்குமுனைக்காரர்கள் கொடுத்த சான்றிதழிலும் 'கோல்: பெல்லார்மின்' என்றே இருந்தது.

வெளியே தெரிந்தால் அவன் ஒப்பந்தம் போய்விடும். ஆகவே திரும்பும் வழியில் வேனை வழியோரச் சிலுவைக் குருசடி ஒன்றின் முன்னால் நிறுத்தி, ஏழு பேரையும் மெழுகுவர்த்தி மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். என் அறிவுக்கூர்மையில் கூடுதலாக ஒரு பூட்டும் போட்டேன்: "பின்னால நானே வந்து கேட்டாலும், பெல்லார்மின்தான் அடிச்சதுன்னு சொல்லணும்."

ஊருக்குள் நுழைந்ததும் என்னைத் தோளில் தூக்கினார்கள். தோளில் ஏறியவன் அங்கே வைத்து விவாதம் செய்ய முடியுமா?

முதல் ஒப்பந்தம் இரண்டு வருடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு சொல்லியிருக்கலாம். நேரம் வாய்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்கு வேலை அதிகம்.

நவம்பர் 20, வியாழன்

சிலுவைதாசன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"வேய் பெல்லார்மின், ஒமக்கு இருக்க மனசு யாருக்கு வரும்? மருமவன் தல குனிஞ்சு நிக்கான்னு சொந்தக் கோலையே அவனுக்கு எழுதி வைக்கீரே."

"எழுதி வைக்கல்ல, அது அவனுக்க கோல்."

"செரி செரி. இதுவரைக்கும் சொன்னதுல இதாக்கும் நல்ல பொய்யி."

மனைவியைக் கூப்பிட்டு எனக்குப் பலாச் சக்கை வறுவல் கொடுக்கச் சொன்னார். தின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

கொடியேற்றம். பிஷப்பின் பிரதிநிதி கொடியை ஏற்றியபோது வானத்தில் நாற்பதாயிரம் புறாக்கள் பறந்தன. சரி, ஏழு.

சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஆள் மாற்றி ஆள் வந்து கை கொடுத்தார்கள். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டுமாம். ஒரு அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நேற்று வரை என் பெயர் சுவரில் மட்டும் இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகு வாசல்தோறும் இருக்கிறது.

நவம்பர் 22, சனி

சாட்சி வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவன் மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டான். ஐந்து பேர் ஆழ்கடலில், ஓமன் பக்கம் எங்கேயோ. நாற்பது நாள் கழித்துத்தான் கரை. மிச்சம் இருப்பவன் அம்புரோஸ், குவைத்தில் ஏசி மெக்கானிக்.

சிலுவைதாசனையும் இன்னும் நான்கு பேரவைக்காரர்களையும் உட்கார வைத்து, அம்புரோஸுக்குப் போன் போட்டு, என் நூறு வாட்ஸ் பெட்டியோடு இணைத்தேன். குவைத்தே அறைக்குள் வந்ததுபோல் இருந்தது.

"அம்புரோஸே, தெக்குமுனையில கோல் அடிச்சது யாருடே? உண்மையச் சொல்லு."

"நிங்கதான் மாமா."

"எடே, நான் இல்லைன்னு நானே சொல்லுகேன்."

"நிங்க கேட்டாலும் இதத்தான சொல்லணும்? நிங்கதான் அடிச்சிய. நாப்பது கஜம். எடது காலு."

"கிளீட்டஸுக்கு ரிட்டயர் ஆயாச்சுடே. இனி சொல்லலாம்."

"மெழுகுதிரி மேல கை வச்சிருக்கேன் மாமா. எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு." போனை வைத்துவிட்டான்.

பேரவைக்காரர்கள் எழுந்தார்கள். சிலுவைதாசன் என் முதுகில் தட்டி, "அவனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாம் நீரு, மறந்துட்டீரு" என்றார்.

பதினான்கு வருடத்துக்கு முன் நான் செய்த பூட்டு. அத்தனை உறுதியான பூட்டு திண்டுக்கல்லில்கூடச் செய்யமாட்டார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

மீதி இருக்கிற ஒரே சாட்சி கிளீட்டஸ். கடற்கரையில் ஈர மணலில் முட்டியைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். அப்படி வைத்தால் வலி குறையுமாம். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ ஒரு வார்த்த சொன்னா போதும் மக்கா. நான்தான் அடிச்சேன்னு சொல்லு."

"மாட்டேன் மாமா."

"ஏன்?"

"அது எப்படிப்பட்ட கோல்னு ஒமக்கு தெரியும். எனக்கும் தெரியும்." காலால் மணலைத் தள்ளினான். "நீரு ஊருக்கு சொன்ன கோல் நல்ல கோல். மழையில நாப்பது கஜம், பந்து பனைமரம் மாதிரி வளைஞ்சு போச்சுன்னு சொல்லுவீரே. கொல்கத்தாவுல ரூமுல தனியா இருக்கும்போ, நீரு போன்ல அதச் சொன்னா நானே கண்ண மூடிட்டு கேப்பேன். அது ஒமக்க கோல். நான் எடுக்க மாட்டேன்."

"எடே, அப்படி ஒரு கோல் நடக்கவே இல்லையேடே."

"அதனாலதான் அது முழுக்க ஒமக்கு."

எனக்கு வாய் அடைத்துப்போனது. கடற்கரை வரலாற்றில் இது முதல்முறை.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. இரண்டு ஹாரன் ஊமை. பியூஸ் மூன்று போயிற்று. நாளைக்குக் கேலரியில் பெயர் எழுத ஆர்ட்டிஸ்ட் வருவானாம். 'பெல்லார்மின்' என்று எழுத எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

நவம்பர் 26, புதன்

பேரவைக் கூட்டத்துக்கு மூச்சிரைக்கப் போனேன். ஆர்ட்டிஸ்டை நிறுத்துங்கள் என்றேன்.

சிலுவைதாசனுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. "பெல்லார்மின், வெளையாட்டு போதும். அம்பது வருசத்துச் சுவரு. அதுல இருந்து ஒரு பேர மாத்தணும்னா வெறும் வாய் போதாது. அதுவும் ஒமக்க வாயி."

"வேற என்ன செய்யணும்?"

"கொடிமரத்தத் தொட்டுச் சொல்லும்."

கூட்டம் என்னையே பார்த்தது. அவர்களுக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வருடத்தில் நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கும் கொடிமரத்தைத் தொட்டதில்லை. எங்கள் கடற்கரையில் கொடி பறக்கும் பத்து நாளில் கொடிமரத்தைத் தொட்டுப் பொய் சொன்னவன், கடல் விழுங்கிவிடும் என்று பயந்து, வள்ளம் தள்ளமாட்டான். தொட்டு உண்மை சொல்வதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும்.

ஆம்ப்ளிபயர் சூடாகிறது, போய் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

கொடிமரம் வழியாகப் போக வேண்டிய வயரைப் பள்ளிக்கூடம் வழியாகச் சுற்றிப் போட்டேன். அறுபது மீட்டர் கூடுதல்.

கேலரியில் 'பெ' மட்டும் எழுதியாயிற்று. மழையால் நிறுத்தியிருக்கிறார்கள். அழகான 'பெ'.

செலின் சோறு போடும்போது, "பதினாலு வருசமா எனக்கு தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்ணைக்கு துணிய அலக்கினது நானாக்கும். சட்ட முழுக்க சேறு. ஒங்க வேட்டியில ஒரு சொட்டு இல்ல. வேட்டிய தோளுல போட்டுட்டா கோல் அடிச்சிய?"

"ஏன் கேக்கல்ல?"

"நிங்களா சொல்லுவியன்னு இருந்தேன்." ரசத்தை ஊற்றினாள். "அவனுக்கு நாளன்னைக்கு வண்டி."

நவம்பர் 28, வெள்ளி

சாயங்காலச் செபம் முடிந்து கூட்டம் கலைவதற்குள் போய்க் கொடிமரத்தைப் பிடித்தேன். உள்ளங்கையை நன்றாக அழுத்தி. எண்ணெய் பூசிய மரம், சில்லென்று இருந்தது. மைக் எடுக்கவில்லை. சும்மாவே எல்லோருக்கும் கேட்டது.

"தெக்குமுனையில கோல் அடிச்சது நான் இல்ல. கிளீட்டஸ்" என்றேன். கூட்டம் அப்படியே நின்றது. நான் சிலுவைதாசனைப் பார்த்தேன். "கேளும்."

அவர் கிட்டே வந்தார். "எத்தன கஜம்?"

"கஜமே இல்ல. கோல்கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால."

"எடது காலா?"

"காலே இல்ல. முட்டு. பந்து எங்க இருக்குன்னே அவனுக்கு தெரியாது. சேத்துல வழுக்கி விழுந்தான், விழுந்தவனுக்க முட்டுல பந்து வந்து இடிச்சு உள்ள போச்சு. கோலான பொறவும் என்ன நடந்துன்னு அடுத்தவன்கிட்ட கேட்டான்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"நீரு எங்க நின்னீரு?"

இதைக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கை மரத்தில் இருந்தது.

"வேனுக்குள்ள. எறங்கச் சொன்னாவ. அங்க உள்ள ஆட்டக்காரன்மாரு ஒவ்வொருத்தனும் ஆனை மாதிரி. எனக்கு காலு விறைச்சுது. பயந்துட்டேன். சட்டையக் கழத்தி அவன்ட்ட குடுத்தேன். ஒப்பந்தம் போயிரும்னு அவனுக்கு தெரியும். எனக்க மானம் போவக் கூடாதுன்னு எறங்கினான்."

"முதல் ஒப்பந்தம் முடிஞ்ச பொறவு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்." கையை இன்னும் அழுத்தினேன். "சுவத்துல எனக்க பேரு நல்லா இருந்து."

சிலுவைதாசன் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"முட்டுலயா?"

"முட்டுல."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இது உண்மைதான். பொய்யா இருந்தா இவன் முட்டுல நிறுத்துவானா?"

சிரிப்பு கிளம்பி, வாசல் வரை போய், திரும்பி வந்தது. தேநீர்க் கடையில் அன்று கேள்வி கேட்டவன் தலையைத் தூக்கி, "எடே கிளீட்டஸே, எந்த முட்டுடே?" என்று கத்தினான்.

கிளீட்டஸ் மணிக்கூண்டு ஓரமாக நின்றிருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

"வலது அண்ணே. இப்பம் கீறிப்போட்ட முட்டு."

"அப்பம் அந்த முட்டு நம்ம ஊருக்குல்லா முதல்ல போச்சு" என்றான் அவன். நேரே போய்க் கிளீட்டஸின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அடுத்தவன். அப்புறம் வரிசையே வந்தது.

நான் கொடிமரத்திலிருந்து கையை எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை. டைரியில் கறை படிவதற்கு மன்னிக்கவும்.

நவம்பர் 29, சனி

காலையில் சுண்ணாம்பு வாளியோடு கிழக்குச் சுவருக்கு நானே போனேன். ஆர்ட்டிஸ்ட் அழிக்கிறேன் என்றான். விடவில்லை. பெல்லார்மின் என்பது ஆறு எழுத்து. சிங்கத்தைக் கொல்வதுபோல் ஒவ்வொரு எழுத்தாகப் போர் புரிந்து வீழ்த்தினேன். கடைசி 'ன்' மட்டும் ஒரு பூச்சுக்கு மசியவில்லை. இரண்டாம் பூச்சு அடித்தேன். உள்ளே கொஞ்சம் தெரிகிறது. தெரியட்டும்.

சிலுவைதாசன் வந்து நின்றார். "அடியில சின்னதா ஒம்ம பேரையும் எழுதலாம் வேய். சட்டை குடுத்தவர்னு."

"கேலரிக்கு 'பெ' அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு. வருத்தமா?"

"பெயின்ட் வீணாயிட்டேன்னு வருத்தம்."

மத்தியானம் அக்காள் வீட்டுப் பக்கம் எதற்கோ போனேன். எதற்கு என்பது மறந்துவிட்டது. கிளீட்டஸ் ஏற வேண்டிய வண்டி நாகர்கோவிலில் புறப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. மாடியில் கைப்பிடிச் சுவர் நெடுக பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது, எட்டு ஜோடி. அக்காள் கீழே இறால் உரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். என் அக்காள் பாடினால் காக்கா பறந்துவிடும். இன்று ஒன்றும் பறக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

மணல்துறை மைதானத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு. கூட்டம் ஒன்றரை லட்சம். இடம் போதாமல் ஆட்கள் தென்னை மரத்தில் குலை குலையாகத் தொங்கினார்கள். கேரளத்திலிருந்து மட்டும் நானூறு பஸ். கோழிக்கோட்டு முடிவெட்டுக்காரர் கண்ணாடிப் புட்டியோடு முதல் வரிசையில் இருந்தார். கடலில் மீன்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அந்த நேரத்தில் வலை போட்டிருந்தால் ஊரே பணக்காரர் ஆகியிருக்கும். போடவில்லை, எல்லோரும் மைதானத்தில் இருந்தோம்.

கேலரியில் 'கிளீட்டஸ்' என்று நீல எழுத்து. கிழக்குச் சுவரில் பதினோராவது பெயரும் அதுதான். எழுத்து இன்னும் ஈரம்.

அவன் நடுக்கோட்டுக்கு நடந்து வந்தான். கொஞ்சம் நொண்டினான். பந்தை வைத்தான். உதைத்தான். பந்து மேகத்துக்குள் போய், அங்கே மழையை இரண்டாகப் பிளந்து, மணிக்கூண்டில் மணி அடித்து, ஒரு எண்ணெய்க் கப்பலைத் தடவிவிட்டுத் திரும்பி வந்து நடுவரின் காலடியில் நின்றது. நடுவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க வந்த நர்ஸும் விழுந்தார்.

இதையெல்லாம் நம்ப வேண்டாம். பந்து பத்தடி உருண்டது, அவ்வளவுதான். பஸ் நானூறு இல்லை, இரண்டு வேன். கூட்டத்தை நான் எண்ணவில்லை.

ஆனால் உதைப்பதற்கு முன்னால் மைக்கில் அறிமுகம் செய்ய வேண்டியவன் நான். ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். கங்கை, ஹவுரா, செமினாரி எல்லாம் அதில் இருந்தது. மைக்கைப் பிடித்ததும் "நம்ம கிளீட்டஸ்" என்று மட்டும் வந்தது. அது போதுமானதாக இருந்தது. ஊர் முழுக்க எழுந்து நின்றது. இந்தச் சின்னப் பகுதி மட்டும் நடந்தது.